ஒரு நாளுக்கு ஒரு வரைபடம்

திங்கட்கிழமைக் காலைகளில் முப்பத்தெட்டுப் பேருடைய போன வாரம் என் மேசைக்கு வந்து சேரும். எல்லாம் மஞ்சள் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் செலவானது, அந்த வேலை முடிய இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற விவரம். ரைம்ஷீற் என்பார்கள். அவற்றைக் கொம்பியூட்டரில் பதிவது என் வேலை. லண்டனின் தெற்கே குரோய்டனில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடி. ஓர் ஆஸ்பத்திரியின் புதிய பகுதிக்குக் காற்றுக் குழாய்கள் எந்தச் சுவருக்குள்ளால் போகவேண்டும் என்று வரைந்து கொடுக்கும் நிறுவனம் அது. அதே மாடியின் மறுபக்கத்தில், பெரிய யன்னல்களின் கீழே, என் கணவர் குலசேகரம் தன் வரைபலகைக்கு முன்னால் நிற்பார்.

அவர் இறந்து இந்த மாரியோடு மூன்று வருடம். அவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்தான் முதலில் வந்து நிற்கிறது.

அந்தக் கொம்பியூட்டரில் இருந்த திட்ட மென்பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் அரச நிர்வாக அலுவலகமான கச்சேரியில் ஒன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். பதிவேட்டில் எழுதிய எண் எழுதிய இடத்திலேயே கிடக்கும். இது அப்படியல்ல. இந்த வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கலாம் என்று ஆயிரத்து நானூறு வேலைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் செவ்வாய்க்கிழமை செய்த வேலைக்கு நான் ஏழு மணித்தியாலம் கூட்டிப் போட்டு ஒரு விசையை அழுத்தினால், கொம்பியூட்டர் கால் மணி நேரம் யோசிக்கும். பிறகு அடுத்த வருடம் பெப்ரவரியில் எங்கோ ஒரு திகதி ஒரு நாள் தள்ளிப்போய் நிற்கும். முதல்முறை அதைக் கண்டபோது, யாரும் பார்க்காத நேரம் பழைய எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். திகதி திரும்பி வந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் வராத ஒரு மாதத்தை என் விரல் தொட்டிருந்தது.

எந்த வேலை பிந்தினால் முழுத் திட்டமும் பிந்துமோ, அது திரையில் சிவப்பாகத் தெரியும். திட்ட மனேஜர் மிஸ்டர் ஹாலோவே காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்றைக்குச் சிவப்பு எத்தனை, கல்யாணி?" என்று கேட்பார். நல்ல மனிதர். மெல்லிய குரல். எண்களைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார்.

என் கணவருடைய தாளில் ஒருநாளும் சிவப்பு வந்ததில்லை. திங்கள் ஒரு வரைபடம், ஏழரை மணித்தியாலம். செவ்வாய் ஒரு வரைபடம், ஏழரை மணித்தியாலம். வெள்ளி வரைக்கும் அப்படியே. ஒரு நாளுக்கு ஒரு வரைபடம் என்று அந்த வரைபட மண்டபத்தில் அவருக்குப் பெயர். சரிபார்ப்பவர் பிழை சுழித்துத் திருப்பி அனுப்பிய தாள் அவருடையதில் ஒன்றுமே இல்லை. காற்றுக் குழாய் வரைபடங்களில் பாதிக்கு மேல் அவர் கையால் வந்தவை.

சனிக்கிழமை காலை கிங்ஸ்பரியில் எங்கள் குசினி மேசையில் அந்த வரைபடங்கள் விரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை கறுத்த நீள உருளைக்குள் சுருட்டிக் கொண்டுவருவார். சனி முழுவதும், ஞாயிறு பின்னேரம் வரைக்கும் குனிந்து நிற்பார். நான் சோற்றுப் பானையை வைக்க இடமில்லாமல் குளிர்பெட்டிக்கு மேலே வைப்பேன். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினாறு வருடம் எஞ்சினியராக இருந்தவர். அங்கே கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தேன் என்று தாளில் எழுதினால், கிழமைக்குள் முடிக்கத் தெரியாதவன் என்று நானே கையெழுத்து வைப்பதுபோல என்பார். அதோடு, அகதியாக வந்த ஒருவனைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்களே என்ற நன்றியும் இருந்தது. நானும் அதைச் சரியென்றே நினைத்தேன். அறுபத்திரண்டு வாரம் அந்த ஏழரையை நான்தான் பதிந்தேன்.

ஏப்ரல் மாதம் யாக்கோப்பு வந்து சேர்ந்தான். மன்னார்ப் பொடியன், முப்பத்திரண்டு வயது, ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வந்தவன். இரண்டாம் நாளே என் மேசைக்கு வந்து, "அக்கா, உங்கடை மிசின் என்னைப் பற்றி என்ன சொல்லுது?" என்று கேட்டான்.

"நீ வந்து ஒரு நாள்தானே. இன்னும் உன்னைக் கண்டுபிடிக்கேல்லை."

"கண்டுபிடிச்சா எனக்கு முதல் சொல்லுங்கோ. நான் பின் கதவாலை ஓடுறன்."

அவன் மனைவி மரியநாயகியும் நான்கு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். மகளை அவன் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். நான்கு வருடம் காத்திருந்தால் அவர்களை அழைக்கலாம் என்பது அப்போதைய விதி, அது முடிந்துவிட்டது. இனி நிலையான வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதும் கடிதம் ஒன்றுதான் குறை. அதைக் கொடுக்கவேண்டிய குடிவரவு அலுவலகக் கட்டடம் எங்கள் யன்னலிலிருந்து தெரியும். விடியவே அதன் முன்னால் எங்கள் ஆட்கள் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நிற்பார்கள். யாக்கோப்பு தேநீர் குடிக்கும்போது அந்தப் பக்கம் பார்த்தபடிதான் குடிப்பான்.

அவன் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன். ஒரு வரைபடத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் என்றால் ஒன்பதரை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹாலோவே அடுத்த கட்டத்துக்கான திட்டத்தைப் போட்டார். மிச்சம் இருநூற்றறுபது வரைபடங்கள். ஒரு வரைபடத்துக்கு எவ்வளவு நேரம் என்று மென்பொருளையே கேட்டார். அதுவரை முடிந்த வரைபடங்களை வைத்து அது சொன்ன பதிலை, "நன்றாகச் செய்பவர்தான் அளவுகோல்" என்று ஏழரைக்கு இறக்கினார். அந்த அளவின்படி ஆஸ்பத்திரிக்காரருக்குப் பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு திகதியும் கொடுத்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை யாக்கோப்பின் வரிசை முழுவதும் சிவப்பாக இருந்தது. நிரந்தர ஆட்கள் பலரும் சிவந்திருந்தார்கள். ஆனால் ஹாலோவே என்னிடம் கேட்டது ஏஜென்சி ஆட்களின் பட்டியலை மட்டும்தான்.

"அளவைத் தாண்டுகிறவர்களை மாத முடிவில் அனுப்பிவிடலாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும்."

பட்டியல் போட நேரம் தேவைப்படவில்லை. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அன்று பின்னேரம் விக்டோரியாவுக்குப் போகும் ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் உருளையை முழங்காலுக்கு நடுவில் வைத்திருந்தார்.

"யாக்கோப்புவை நிப்பாட்டப் போகினம்."

"ஏன்? நல்லாத்தானே கீறுறான்."

"ஏழரைக்குள்ளை முடிக்கிறானில்லையாம்."

"ஏழரைக்குள்ளை ஆர் முடிக்கிறது?" என்றார், யோசிக்காமல்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எழுதினதை வைச்சுத்தான் அது அளவெடுத்திருக்குது."

"நான் என்ன, களவெடுத்தனானே? குறைச்செல்லோ போட்டனான்!"

"குறைச்சுப் போட்டதாலைதான் அவனுக்கு வேலை போகுது."

"உமக்கும் தெரியும்தானே. நீர்தானே பதிஞ்சனீர்."

"ஓம், நான்தான் பதிஞ்சனான்."

எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தாள். அவர் குரலைத் தணித்தார். "இப்ப போய்ச் சொன்னால், ஒண்டேகால் வருசமா பொய் எழுதினவன் எண்டு என்னையும் அனுப்பினாலும் அனுப்புவினம். தெரியுமோ?"

தெரியும் என்றேன். எங்கள் வீட்டில் வந்த இரண்டு சம்பளமும் அந்த ஆறாம் மாடியிலிருந்துதான் வந்தன.

புதன்கிழமை யாக்கோப்பு அவருடைய பலகைக்குப் போய், "அண்ணை, எப்பிடி அண்ணை ஒரு நாளிலை ஒண்டு முடிக்கிறீங்கள்? எனக்கும் சொல்லித் தாருங்கோவன்" என்று கேட்டதைத் தூரத்திலிருந்து கண்டேன். அவர் பென்சிலைச் சீவினார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

வியாழக்கிழமை காலை வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது அவர் கழுத்தில் ரை கட்டியிருந்தார். மேசையில் ஒரு சின்ன டயறியை வைத்தார். திணைக்களத்தில் எஞ்சினியர்மார் களத்துக்குப் போனால் போன நேரம், வந்த நேரம் எழுதவேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அலுவலகத் தாளில் என்ன எழுதினாலும், தனக்கென்று வைத்திருந்த டயறியில் மட்டும் நிமிடம் பிசகாமல் எழுதியிருந்தார்.

"இதிலை எல்லாம் இருக்குது. நான் முதல் அவரோடை கதைக்கிறன். நீரும் வாரும்."

ஹாலோவேயின் அறையில் அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னார், நாலே வசனத்தில். ஹாலோவே முதலில் விளங்காமல் சிரித்தார். பிறகு டயறியை எடுத்துப் பக்கங்களைத் திருப்பினார்.

"எத்தனை வாரமாக?"

"அறுபத்திரண்டு."

"எங்கே வைத்து?"

"குசினி மேசையில்."

"யார் கேட்டது உங்களை?"

"ஒருவரும் கேட்கவில்லை."

ஹாலோவே கண்ணாடியைக் கழற்றினார். "குலா, உங்களுடைய எண்ணை நம்பி நான் ஓர் ஆஸ்பத்திரிக்குத் திகதி கொடுத்திருக்கிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை மற்றவர்களின் தலையில் கட்டியிருக்கிறேன்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் என் கணவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு என்னிடம் திரும்பினார். "பட்டியலை விடுங்கள். இந்த டயறி முழுவதையும் பதியுங்கள். உண்மையான திகதி எதுவென்று நான் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இவரைப் பற்றி யோசிப்பேன்."

மென்பொருளின் நாட்காட்டியில் சனியும் ஞாயிறும் பூட்டப்பட்டிருக்கும். அந்த நாட்களில் ஒருவருக்கும் வேலையே போடமுடியாது. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்காக மட்டும் ஹாலோவே தானே வந்து ஒரு தனி நாட்காட்டி உண்டாக்கி, அந்த நாட்களைத் திறந்துவிட்டார். வியாழன் பின்னேரம் வரைக்கும், பிறகு வெள்ளி காலையிலிருந்தும் பதிந்தேன்.

ஒரே வீட்டில் அவரோடு இருந்தவள் நான். எனக்குத் தெரியாதது எதுவும் அந்த டயறியில் இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியாகப் போகப்போக விரல் மெதுவாகியது. நவம்பர் பதினொன்று, ஞாயிறு, ஆறு மணித்தியாலம். அது எனக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்த நாள். அவர் கஞ்சி வைத்துத் தந்தார், உடுப்புத் தோய்த்தார், பக்கத்திலேயே இருந்தார் என்றுதான் என் ஞாபகம். அந்த ஆறு மணித்தியாலம் எங்கே இருந்தது? பெப்ரவரியில் பனி கொட்டி ரயில் நின்ற சனிக்கிழமை, ஒன்பதே கால். என் தாயார் இறந்த செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே எண் இல்லை. ஒரு சிறிய கோடு மட்டும். டயறி முழுவதிலும் வேறு எங்கும் அப்படி ஒரு கோட்டை நான் காணவில்லை.

வெள்ளி மூன்று மணிக்குக் கடைசி வரியைப் பதிந்து விசையை அழுத்தினேன். கால் மணி நேரம் எடுக்கிற கொம்பியூட்டர் அன்று நாற்பது நிமிடம் எடுத்தது. அதன் சிறிய பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. திரையில் ஒரே நேரம் எல்லாத் திகதிகளும் மாறின. ஹாலோவே திரையைப் பார்த்தபடியே, "பிளொட்டருக்கு அனுப்புங்கள், முழு அளவில்" என்றார்.

பிளொட்டர் என்பது மண்டபத்தின் நடுவில் நின்ற, ஒரு கட்டில் நீளமான இயந்திரம். அகலமான தாளை முன்னும் பின்னும் உருட்டி, பேனையைப் பிடித்து அது தானே கோடு கீறும். ஒரு நிறம் முடிந்தால் பேனையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துவரும். வழக்கமாக யாரும் அதைக் கவனிப்பதில்லை. அன்று விஷயம் எப்படியோ பரவியிருந்தது. ஒவ்வொருவராகத் தேநீர்க் கோப்பையோடு வந்து சுற்றி நின்றார்கள்.

முதலில் சாம்பல் பேனை. சனி, ஞாயிறுகளைக் குறிக்கும் பட்டிகள் மேலிருந்து கீழாக விழுந்தன. பிறகு கறுப்பு. ஒவ்வொருவருடைய வேலையும் ஒரு வரிசை. கோடு வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓடும், பட்டியின் விளிம்பில் நிற்கும், பேனை எழும்பும், பட்டியைத் தாண்டித் திங்களில் இறங்கும். எல்லாருடைய வரிசையிலும் அதே ஓட்டம், அதே நிறுத்தம், ஒரு தாளம் போல. என் கணவருடைய வரிசை வந்தது. பேனை பட்டியின் விளிம்புக்கு வந்து, நிற்காமல் உள்ளே போனது. அடுத்த பட்டிக்குள்ளும் போனது. அடுத்ததற்குள்ளும். தாள் உருண்டுகொண்டிருக்க, மாதங்கள் கடந்துகொண்டிருக்க, பேனை எழும்பவேயில்லை. யாரோ ஒருவர் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்த சத்தம் கேட்டது. கலியாணம் முடித்து ஏழரை வருடமாக என் பக்கத்தில் இருந்த மனிதருடைய உழைப்பை, முழு நீளத்தில், ஒரே பார்வையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில், ஒரே ஒரு பட்டியின் ஞாயிற்றுக்கிழமையில், பேனை எழும்பித் தாண்டியது. அது ஏன் என்று அந்த மண்டபத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கை மட்டும் என் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.

கடைசியாகச் சிவப்பு. திட்டத்தின் முடிவுத் திகதி ஏப்ரல் இறுதியில் போய் நின்றது. பத்து வாரம் பிந்தி.

தாளின் ஓரத்தில், வரைபவர்களின் சராசரியை ஒரு சிறிய கட்டத்தில் அது எழுதியது. குலசேகரம், பத்தரை. மற்றவர்கள் ஒன்பதும் பத்துமாக. யாக்கோப்பு, ஒன்பதரை.

என் கணவர் குனிந்து அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். அவருடைய காது மடல் சிவந்தது. பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் நடுவில், தமிழில் சொன்னார்:

"டேய் யாக்கோப்பு, நீ என்னைவிடக் கெதியாக் கீறுறாயடா!"

யாக்கோப்பு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போய்க்கொண்டெல்லோ அண்ணை நான் உங்களை வெண்டிருக்கிறன்!"

அவர் சிரித்தார். அந்தக் கிழமையில் முதல் சிரிப்பு. எதற்காகச் சிரிக்கிறோம் என்று விளங்காமலே நாலைந்து வெள்ளைக்காரரும் சிரித்தார்கள். ஹாலோவே மட்டும் தாளின் முன்னால் கைகட்டி நின்றார். "இதைத்தான் நான் தொடக்கத்திலேயே பார்த்திருக்கவேண்டும்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

திங்கட்கிழமை ஹாலோவே ஆஸ்பத்திரிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். கதவு மூடியிருந்தாலும் அரை மணி நேரம் அவர் ஏச்சு வாங்கினார் என்பது கண்ணாடி வழியே தெரிந்தது. வெளியே வந்து அளவைப் பத்து மணித்தியாலமாக மாற்றச் சொன்னார். நான் மாற்றியதும் யாக்கோப்பின் வரிசையில் சிவப்பு போய்க் கறுப்பு வந்தது. புதன்கிழமை அவனை நிரந்தரமாக்கினார்கள்; அதற்கான கடிதத்தை நான்தான் ரைப் செய்தேன். வியாழன் விடிய அவன் அந்தக் கட்டடத்து வரிசையில் நின்றான். அடுத்த தை மாதம் மரியநாயகியும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் பிள்ளை தகப்பனை அடையாளம் தெரியாமல் என் கணவரிடம் போனது என்று யாக்கோப்பு இன்றைக்கும் முறைப்பாடு சொல்வான்.

என் கணவரை அவர்கள் அனுப்பவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதில் ஹாலோவே ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்: வரைபட உருளை இனி அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

அப்படி வந்த முதல் சனிக்கிழமை எனக்கு நல்ல ஞாபகம். அவர் விடிய எழும்பி, வெறும் குசினி மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குழாயை இறுக்கினார். வானொலியைத் திருப்பினார். பத்து மணிக்கு யாக்கோப்பு ஒரு கிலோ இறாலோடு வந்து, அவரைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன அண்ணை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நிக்கிறீங்கள்? வெளிக்கிடுங்கோ. உங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய குளம் இருக்குதெல்லோ, அங்கை போவம்."

"குளமோ? கிங்ஸ்பரியிலையோ? உனக்கு விசர்."

"தெருப்படத்திலை நீலமாக் கிடக்குது அண்ணை. நாலு வருசமா இருக்கிறீங்கள், ஒருநாளும் பாக்கேல்லையோ?"

முக்கால் மணி நேரம் நடந்தோம். வீடுகள் முடிந்து மரங்கள் வந்தன. மரங்களுக்கு நடுவால் வெளிச்சம் தெரிந்தது. பிறகு, நினையாத இடத்தில், தண்ணீர். வெல்ஷ் ஹார்ப் என்று அதற்குப் பெயர். அக்கரையில் வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. பாய்கட்டிய சிறு படகுகள் வெள்ளை வெள்ளையாகச் சாய்ந்து போயின. என் கணவர் கரையில் நின்றார். அவருடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இது தானா வந்த தண்ணியில்லை. கட்டின குளம்" என்றார். "அணை எங்கையோ இருக்கவேணும். வாங்கோ."

கரையோரமாக எங்களை இழுத்துக்கொண்டு நடந்தார். அணையைக் கண்டதும் யாரிடமும் கேட்காமல், தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, மழை கூடினால் எங்கே வழியும், கதவு எப்படித் திறக்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். யாக்கோப்பு ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மூன்று பதில் வந்தது. அந்தக் குரலை நான் வவுனிக்குளத்து அணைக்கட்டில் கேட்டிருந்தேன், கலியாணம் முடித்த புதிதில். லண்டனிலும் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

யாக்கோப்பு படகுகளைப் பார்க்கப் போய்விட்டான். நாங்கள் புல்லில் இருந்தோம். கறுத்த கொண்டைப் பறவை ஒன்று தண்ணீருக்குள் மூழ்கியது. எங்கே எழும்பும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் பார்த்த இடத்தில் எழும்பவில்லை. வெகு தூரத்தில், படகுகளுக்கு அப்பால், தலையை உதறியபடி வந்தது.

"இன்னும் கொஞ்சம் இருப்பமோ?" என்றார்.

"ஓம், இருப்பம்."

காற்று வீசித் தண்ணீர் சுருங்கியது. அவர் சப்பாத்தைக் கழற்றி, காலை நீட்டி, புல்லில் சாய்ந்து படுத்துக்கொண்டார்.